வரிசையில் நின்ற கடிதங்கள்

சர்வர் என்றால் எனக்கு நெடுங்காலம் ஓட்டலில் தோசை கொண்டுவந்து வைப்பவர்தான். இப்போது எனக்கென்றே ஒரு சர்வர் இருக்கிறது, மாத வாடகைக்கு. எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. யூனிக்ஸ் வம்சத்தில் வந்த லினக்ஸ்தான் அதன் மூளை. என் பெயரில் ஒரு விலாசம், வாசகர் கடிதங்கள் வந்து போக ஒரு தபாலாபீஸ், எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய கம்பெனிகள் இலவசமாகத் தருகிற விலாசம் போதாதா என்று என் மனைவி கேட்டாள். சொந்த வீடு கட்ட முடியாதவனுக்குச் சொந்த விலாசமாவது இருக்கட்டுமே என்றேன். அதை அமைத்துக் கொடுத்தவன் என் தங்கை மகன்.

இந்தச் சர்வரால் எனக்கு ஒரு சிநேகிதம் போயிருக்க வேண்டியது.

அந்த நண்பரும் எழுத்தாளர்; பெயர் வேண்டாம். அவருடைய நாவலைப் பற்றி ஒரு கூட்டத்தில் நான் பேசிய பேச்சு அவருக்குப் பொறுக்கவில்லை. பேசியது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பேசிய இடம் தப்பு. மூன்று வருஷம் இருவருக்கும் பேச்சு இல்லை. இந்நிலையில் அவருடைய தாயார் காலமாகிவிட்டார். அந்த அம்மாள் கையால் எத்தனையோ வேளை சாப்பிட்டவன் நான். செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் எட்டியது. அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். துக்கம் விசாரித்ததோடு நிற்காமல், அன்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். நாற்பது பக்கம் கதை எழுதிவிடலாம். அந்த நாலு வரி எழுதுவதற்குள் விடிந்துவிட்டது.

ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். பதில் இல்லை. மற்றவர்கள் கடிதங்கள் எனக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஆகவே யந்திரத்தின் மேல் சந்தேகமே எழவில்லை. நாலாம் நாள் காலையில் எனக்குள் இருந்த பழைய ஆசாமி எழுந்து உட்கார்ந்தான். 'இவ்வளவு இறங்கிப் போயும் இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை பதில் எழுத மனம் வரவில்லையே!' இரண்டாவது கடிதம் எழுதினேன். இதற்கு விடியும் வரை விழிக்க வேண்டியிருக்கவில்லை, பத்தே நிமிஷம். அனுப்பியும் விட்டேன்.

அன்று பிற்பகல் ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "கதை இன்னும் வரவில்லையே?" என்றார். அனுப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. மருமானை வரவழைத்தேன்.

கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டினான். "மாமா, பதினோரு கடிதம் வரிசையில் நிற்கிறது. நாலு நாளாக ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை."

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன; பெயரெல்லாம் நம் சௌகரியத்துக்கு. ஆதியில் எல்லாப் பெயரும் எண்ணும் ஒரே ஜாபிதாவாக அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. ஜாபிதா தாங்க முடியாமல் பெருக்கவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வேறு ஏற்பாடு வகுத்தார். யாரைக் கேட்டால் தெரியும் என்று ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டி விடுகிற ஏற்பாடு. அதுதான் டி.என்.எஸ். கடிதம் புறப்படுமுன், 'இந்தப் பெயருக்கு வரும் தபாலை வாங்குபவர் யார், அவர் எண் என்ன?' என்று விசாரித்தாக வேண்டும். யாரிடம் விசாரிப்பது என்பது 'ரிசால்வ்.கான்ஃப்' என்ற சின்னக் கோப்பில் எழுதியிருக்கும்.

விசாரணைக்கு 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று பதில் வந்தால் கடிதம் உடனே திரும்பி வந்துவிடும். பதிலே வராவிட்டால்? அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வதில்லை. 'இப்போது தெரியவில்லை, மறுபடி முயன்று பார்' என்று குறித்து வைத்துக்கொண்டு, வழக்கமாக ஐந்து நாள் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் சர்வரின் பதிவேட்டில் நாலு நாளாக இதே வாசகம்தான் வரிக்கு வரி நின்றது. பதில் வராததை 'இல்லை' என்று நான் மூன்றே நாளில் தீர்த்துவிட்டேன். உயிரில்லாத பெட்டி ஐந்து நாள் பொறுக்கிறது!

மருமான் நண்பருடைய விலாசத்தைத் திரையில் கேட்டுப் பார்த்தான். பதில் பளிச்சென்று வந்தது! தபால் வெளியேறும் 25-ஆம் எண் வாசல் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தான், திறந்தே இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, கடிதம் மட்டும் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டான். காபி கொடுத்தோம், அதையும் ஆறவிட்டான். பிறகு திடீரென்று திரும்பி, "மாமா, ரிசால்வ் கோப்பை நீங்கள் தொட்டீர்களா?" என்றான்.

தொட்டேன்தான். விசாரிக்கும் இடத்தின் எண் மாறுகிறது என்று வாடகைக்காரர்கள் அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதியதற்கு முதல் நாள் நானே மாற்றினேன். அதில் ஒரு பெருமைகூட.

அவன் சிரித்துவிட்டான். தபாலைக் கவனிக்கும் புரோகிராம் 'போஸ்ட்ஃபிக்ஸ்'. வீட்ஸ வெனமா என்ற டச்சுக்காரர் எழுதியது, 1998-ல் வெளிவந்தது. எங்கள் சர்வரில் அதன் வேலையாட்களை ஒரு தனி அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறது. திருடன் புகுந்தாலும் அந்த அறையோடு போகட்டும் என்ற ஜாக்கிரதை. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இருக்கும் கோப்பு தெரியாது. புரோகிராமைத் தொடங்கும்போது எடுத்துக் கொடுத்த நகல்தான் அவர்களுக்கு வேதம். நான் வெளியே மாற்றினேன்; உள்ளே பழைய நகல். நாலு நாளாகக் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"தாமதமானால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன். சொல்லுமாம், ஆனால் நாமாகக் கேட்டுக்கொண்டால்தானாம். நாலு மணி நேரம் தாமதித்தால் சொல்லும்படி அப்போதே எழுதி வைத்தான். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தங்கை மகன் அல்லவா?

"இனி புரோகிராமை நிறுத்தித் தொடங்கினால் போதும், மாமா. புது நகல் உள்ளே போய்விடும், பதினொன்றும் பறந்துவிடும்."

பதினொன்றும்! நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "நில், நில். ஒரே விலாசத்துக்கு இரண்டு இருக்கும், பார்."

"இருக்கிறது. ஒன்று நாலு நாளுக்கு முந்தியது, ஒன்று இன்று காலை."

"காலையில் எழுதியதை எடுத்துவிட முடியுமா?"

வரிசையில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதைச் சொல்லி அழித்தான். ஏன் என்று கேட்கவில்லை; நல்ல பிள்ளை. பிறகு புரோகிராமைத் தொடங்கி, வரிசையைத் தள்ளிவிட்டான். பதிவேட்டில் 'போயிற்று, போயிற்று' என்று பத்து வரிகள் வந்தன.

இரவு எட்டு மணிக்கு நண்பர் போன் செய்தார். முதலில் இரண்டு பேருக்குமே பேச வரவில்லை. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னார். அப்புறம், "உன் கடிதத்தில் நாலு நாள் முந்திய தேதி இருக்கிறதே. இன்றுதானே வந்தது?" என்றார். ரிசால்வ் கோப்பின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடுவில் வேறு ஏதாவது எழுதினாயா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

இந்தக் கட்டுரையை அவர் படிப்பார்.