செடியைவிட லேபிள்

ஆர்கிட் பூவின் அழகைப் பார்க்க, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் ஹெர்பேரியத்துக்குப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் பொட்டானிக்கல் சர்வேயின் தொகுப்பு இருக்கிறது. ஊர் மாறி நூறாண்டுக்கு மேல் ஆகியும் பெயர் இன்னும் மெட்ராஸ் ஹெர்பேரியம்தான். அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தால், மலையில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்தது, வடிகட்டிய டீத்தூள் நிறத்தில் ஒட்டிக் கிடக்கும். மற்ற செடிகள் இவ்வளவு மோசமாவதில்லை. ஆர்கிட்டின் பருத்த தண்டு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்துப் பலகைக்குள் போட்டாலும் லேசில் சாகாது. அதற்குள் இலைகள் கறுத்துவிடும். பூவோ பூச்சி நுழைவதற்கென்றே மேடும் குழியுமாக அமைந்தது. அதைத் தட்டையாக்கினால் என்ன மிஞ்சும்? ஆராய்கிறவர்கள், தாளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காகித உறையிலிருந்து உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து வெந்நீரில் போடுகிறார்கள். சற்று நேரத்தில் இதழ் நெகிழ்ந்து, மடிப்பு விட்டு, வடிவம் திரும்புகிறது. நிறம் திரும்புவதில்லை.

நிறம் லேபிளில் இருக்கிறது, எழுதியவர் மனசு வைத்திருந்தால். எந்த ஊர்க் காடு, என்ன உயரம், எந்த மரத்தில் தொற்றியிருந்தது, என்றைக்குப் பறித்தது, பறித்தவர் யார் எல்லாம் அங்கேதான். என்னைக் கேட்டால், ஆர்கிட்டைப் பொறுத்தவரை செடியைவிட லேபிளே பெரிது. வெறும் ‘நீலகிரி’ என்று கிறுக்கிவிட்டுப் போன துரைமார்கள்மேல் எரிச்சல்தான் வரும்.

தேதியால் விளைந்த நன்மையைப் பாருங்கள். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளிகளில் சிலந்தி ஆர்கிட் என்று ஒன்று உண்டு. மண்ணில் வளை தோண்டும் ஒரு காட்டுத் தேனீயின் ஆண், பூவைப் பெண் என்று மயங்கி வந்து மகரந்தம் சுமக்கும். 1848 முதல் 1958 வரை பறித்து உலர்த்திய 77 தாள்களின் தேதிகளைப் பழைய வானிலைக் குறிப்புகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வசந்த கால வெப்பம் 1 டிகிரி கூடினால் பூ சுமார் 6 நாள் முந்துகிறது. தேனீக்களோ அதைவிட அதிகமாக முந்துகின்றன. நிஜப் பெண் முன்னதாகவே வந்துவிட்டால் போலியிடம் யார் போவார்கள்? விக்டோரியா காலத்தில் பொழுதுபோக்காகப் பூப் பறித்தவர்கள் இப்படி ஒரு கணக்குக்குத் தங்கள் கையெழுத்து உதவும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இடத்தின் கதை வேறு. அகத்தியமலைப் பக்கம் 1865-இல் கர்னல் ட்ரூரி ஒரு செருப்பு ஆர்கிட்டைக் கண்டார். மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே செருப்பு ஆர்கிட். தாவரவியலாளர் பெடோம் அதற்கு ட்ரூரியின் பெயரையே சூட்டினார். பெயர் பரவியது, ஆசை பரவியது. வேரோடு பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் அது அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. ஆர்கிட் விதையில் முளைக்கான உணவு கிடையாது; மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பிடுங்கிய இடத்தில் இன்னொன்று வருவது அத்தனை சுலபமல்ல. ஓடையும் பாறையும் குறித்த நல்ல லேபிள், திருடனுக்கும் நல்ல லேபிள்தான்.

தாள்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் ஹெர்பேரியங்கள் பல, அரிய ஆர்கிட்டுகளின் இடத்தை மட்டும் மறைத்துவிடுகின்றன. பொதுச் சொத்தைப் பூட்டலாமா என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. நான் பூட்டுகிறவர்கள் கட்சி. ஆனால் மூலத்தாளில் ஓர் எழுத்துக்கூடக் குறையக் கூடாது. வேண்டியவர் நேரில் வந்து, எதற்கென்று சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.