இலையை மடிக்கும் நேரம்

குடியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் முகம் சுளிக்கும் நேயர்களிடம் முதலிலேயே ஒரு வார்த்தை. நான் குடிகாரனும் அல்ல. மதுவிலக்குப் பிரசாரகனும் அல்ல. வருஷத்தில் ஒரு தடவை, நெய்வேலியில் என் மனைவியின் தமையனார் வீட்டுக்குப் போகும்போது மட்டும், அவரோடு உட்கார்ந்து ஒரு சின்னத் தம்ளர் பீர் சாப்பிடுகிறவன். இந்த ரகசியம் என் மனைவிக்கும் தெரியும். ஆகவே தைரியமாகவே எழுதலாம்.

மச்சான் சுரங்கத்தில் யந்திரப் பகுதியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மகனுக்கும் அங்கேதான் வேலை. மகனுடைய குவார்ட்டர்ஸில் ஜாகை. கொல்லையில் ஒரு பலா மரம், மரத்தடியில் இரண்டு பிரம்பு நாற்காலி. அதுதான் எங்கள் சபை.

பழுப்பு நிலக்கரி பெற்றெடுத்த ஊர் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1961-ல் நிலக்கரி வெளிச்சத்தைக் கண்டது. மண்ணை வாரி எடுக்கும் ராட்சசச் சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றின் நுட்பத்தைக் கற்றுவர, 1980-களில் மச்சான் சில மாதம் ஜெர்மனிக்குப் போயிருந்தார். கொலோன் நகரத்துக்கு மேற்கே பூமிக்கடியில் கிடப்பதும் இதே பழுப்பு நிலக்கரிதான்.

"யந்திரத்தைப் பற்றிக் கற்றதை எல்லாம் கம்பெனிக்கே கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. எனக்கென்று கொண்டு வந்தது ஒன்றே ஒன்று" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து வட்டமான ஒரு காகித அட்டையை எடுப்பார். ஓரமெல்லாம் நைந்து போன அட்டை.

கொலோனில் கோல்ஷ் என்று ஒரு பீர் உண்டு. வெளிர் பொன்னிறம், லேசான கசப்பு. அதை 200 மில்லி மட்டுமே கொள்ளும் ஒல்லியான கண்ணாடித் தம்ளரில் கொடுப்பார்கள். தம்ளர் காலியானால், கேட்காமலே பரிசாரகர் அடுத்ததை வைத்துவிட்டு, தம்ளருக்கு அடியிலுள்ள அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் போவார். கணக்கு அந்தக் கோடுகள்தான். போதும் என்றால் வாய் திறக்க வேண்டாம். அட்டையை எடுத்துத் தம்ளரின் மேலே மூடிவிட்டால் சரி.

"நாம் பந்தியில் இலையை மடிக்கிறோமே, அதேதான்" என்பார் மச்சான்.

எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு இது. மது அருந்துவதில் ரசனை என்று ஒன்று உண்டானால், அது இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது என்று நினைக்கிறேன். இலை இருக்கிறவனுக்குத்தான் மடிக்கத் தெரியும்.

எந்த உணவுக்கு எந்த மது என்பதை மேல்நாட்டார் ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சாஸ்திரத்தின் முதல் பாடம் நமக்குத் தெரியாததல்ல. அல்வா சாப்பிட்ட வாயோடு காபி குடித்துப் பாருங்கள். சர்க்கரையே போடவில்லையோ என்று சந்தேகம் வரும். ஒயினும் அப்படியே: இனிப்புப் பண்டத்துக்குப் பிறகு புளிக்கும்; புளிப்பான பண்டத்துக்குப் பிறகு புளிப்பு அடங்கிச் சப்பென்று ஆகிவிடும். உப்பு, கசப்பைத் தணிக்கும். மிளகாயோ, மதுவின் எரிச்சலைத் தூண்டிவிடும். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் அடைக்கு வெல்லமும் தேடிக் கண்டுபிடித்த நாக்கு நம்முடையது. அதற்கு இதையெல்லாம் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு வருஷம் மச்சான் சிவப்பு ஒயினை மீன் குழம்போடு பரிமாறி, நாங்கள் இருவரும் கடுக்காயைக் கடித்தவர்கள் போல விழித்தோம். கடுக்காயின் துவர்ப்பும் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் ஒரே இனம். மிளகாய்க் காரம் சேர்ந்தால் இரண்டு மடங்காகத் தெரியும். போதாததற்கு, அந்த ஒயினிலுள்ள இரும்புச் சத்துதான் மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். எங்களுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஒரு கவளம் போதுமாயிருந்தது.

இந்த முறை, ஜெர்மனியில் படிக்கும் பேத்தி கொண்டுவந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் இருந்தது. சாராயச் சத்து குறைவு. கொஞ்சம் இனிப்பு, கூர்மையான புளிப்பு. கடலூர் மீனைப் புளிக்குழம்பாக வைத்து அதோடு சேர்த்தோம். காரத்தை இனிப்பு தடவிக் கொடுத்தது. புளியோடு புளி தோள் சேர்ந்து நின்றது. பீருக்குப் பண்ருட்டி முந்திரி வறுவலும் மொறுமொறுவென்று நெத்திலியும்.

"நம்மவர்களுக்கு இது புதிதா, மச்சான்?" என்றேன். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டு விருந்து ஒன்று வருகிறது. அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவைத்து, புளிக்க வைக்கும் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த கள். அதோடு சுட்ட மீன். அரிசி பீரும் மீனும்! புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது, ரோமாபுரிப் பக்கத்திலிருந்து ஒயின் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அருந்தவும் கூடவே உண்ணவும் தெரிந்திருந்த ஜனங்கள்தான் நாம்.

"அப்புறம் எப்படி மறந்தோம்?" என்றார் மச்சான். பிறகு அவரே பதில் சொன்னார். 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. நெய்வேலியின் முதல் பதினைந்து வருஷமும் அந்த நிழலில்தான். அவர் தகப்பனார் காலத்தில் குடித்தவர்கள் இருட்டில், நின்றபடி, ஒரே மூச்சில் விழுங்கினார்கள். பிடிபடுவோமோ என்று பயப்படுகிறவன் ருசிப்பதில்லை. 1971-ல் கதவு திறந்தது, பிறகு மூடியது, மறுபடி திறந்தது; 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சர்க்காரே கடை வைத்துச் சில்லறையாக விற்கிறது. "கடை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, மாப்பிள்ளை. குடிக்கிறவன் மட்டும் இன்னும் இருட்டிலேயே நின்று குடிக்கிறான்."

நெத்திலி கொண்டுவந்த அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள். அந்த வீட்டில் பல வருஷமாகச் சமையலுக்கு உதவி செய்கிறவள். அவள் புருஷன் குடித்தே செத்தவன் என்பது எனக்கும் தெரியும்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? கூடவே சாப்பிட்டா, குடிச்சது ஒண்ணும் செய்யாதா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தம்ளரைப் பார்த்தேன். வயிற்றில் சோறு இருந்தால் போதை மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும், அது உண்மை. ஆனால் ஈரலுக்குப் பதார்த்தங்களின் கணக்குத் தெரியாது. இவ்வளவு வரை பத்திரம் என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. அரைகுறையாக இதைச் சொன்னேன்.

"அது சரிங்க. அவரு கூலி வாங்கின கையோட வெறும் வயித்துல ஊத்திக்குவாரு. அப்புறம் சோறு எறங்காது. இப்ப பையன் வேலைக்குப் போறான். அவன் வர்ற வழியிலதான் கடை. பசியோட அதைத் தாண்டக் கூடாதுன்னு, மத்தியானமே டப்பாவுல எதையாச்சும் கட்டிக் குடுத்து அனுப்புறேன். இன்னிக்கு ஒண்ணும் கட்டலை."

அரை மணி நேரமாக நாங்கள் பேசிய சாஸ்திரம் பலா மரத்தடியில் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. ருசிக்காக நாங்கள் தேடிய துணை உணவை, அவள் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகத் தேடிக்கொண்டிருந்தாள்.

மச்சான் அட்டையை எடுத்துத் தம்ளரின் மேல் வைத்தார். அதில் பாதி பீர் மிச்சம் இருந்தது.

"தட்டில் இருக்கிறது, அடுப்பில் இருக்கிறது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போங்கம்மா. சீக்கிரம் போங்க. ஷிப்ட் முடிகிற நேரம்" என்றார்.

அவள் நெத்திலியை அள்ளி வாழை இலையில் வைத்தாள். எங்கள் முன்னாலேயே, அந்த இலையை நாலு பக்கமும் மடித்துக் கட்டினாள்.