அழித்துவிட்ட செய்திகள்

விவாகரத்தாகி இரண்டு வருடம் கழித்தும் என் போனில் அவர் பெயர் வராத நாள் இல்லை. எல்லாச் செய்தியும் மகளை வைத்தே தொடங்கும். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்பார். நான் பதில் போட்டதும், நேற்று ஆபீஸ் வாசலில் யாரோடு நின்றேன் என்று அடுத்தது வரும். பதில் போடாவிட்டால் இரவு பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் பைக் சத்தம். பிளாக் பண்ணிவிடு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வருவார் என்பதும் அதே எண்ணிலிருந்துதானே வரும்?

அந்தச் செய்திகளை அன்றன்றைக்கே அழித்தேன். ஏழு வயது மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள், அவள் கண்ணில் படக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். என்னைப் பற்றி ஒருவர் அப்படி எழுதியது இருக்கவே கூடாது என்று நினைத்தேன். சில இரவுகளில் நானும் வாய்க்கு வந்ததை எழுதி அனுப்பினேன். என் போனில் எல்லாம் போய்விட்டது, அவர் போனில் நான் எழுதியது மட்டும் பத்திரமாக இருந்தது. பின்னாளில் கோர்ட்டில் வாசிக்கப்பட்டது அதுதான்.

ஒருமுறை புகார் கொடுக்கப் போனபோது, காவல் நிலையத்தில் இருவரையும் உட்காரவைத்து, "புள்ள இருக்குல்ல, அனுசரிச்சுப் போங்கம்மா" என்று சொல்லி, எழுதி வாங்கி அனுப்பினார்கள். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கு அன்று தெரியாது. வெறுங்கையோடு வந்தேன்.

கூட வேலை பார்த்த அக்கா ஒருவர்தான் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் கூட்டிப்போனார். விவாகரத்தான பிறகு குடும்ப வன்முறைச் சட்டம் எனக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். 2005ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப உறவில் இருக்கிறவர்களோடு, இருந்தவர்களையும் சேர்த்தே சொல்கிறது என்றார் அந்த அம்மா. அடி விழுந்திருக்க வேண்டியதில்லை, வார்த்தையால் வதைப்பதும் வன்முறைதான் என்றார். பிறகு, "கடைசியா எப்ப நடந்தது? தேதி சொல்லுங்க" என்று பேனாவை எடுத்தார். என்னால் ஒரு தேதிகூடச் சொல்ல முடியவில்லை. "ரொம்ப நாளாத் தொல்லை மேடம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்று சாயங்காலமே பாப்பாவின் எழுதாத நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். தேதி, நேரம், என்ன சொன்னார், கூட யார் இருந்தார்கள்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் கிடைத்தார். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எனக்குப் பதினான்கு மாதம் வாய்தா ஓடியது. ஆனால் இடைக்கால உத்தரவு முன்னமே வந்துவிட்டது.

அதுவரை நான் தயங்கிய காரணத்தைச் சொல்ல வேண்டும். "புள்ளைக்கு அப்பன் இல்லாமப் பண்ணப் போறியா?" என்று அவர் வீட்டில் கேட்டார்கள். அது நெஞ்சில் தைத்திருந்தது. பாதுகாப்பு கேட்டால் அவளிடமிருந்து அப்பாவைப் பறிப்பதாகும் என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் இரண்டு வருடம் போனது. மாஜிஸ்திரேட் உத்தரவோ, அவர் என் வீட்டுக்கும் ஆபீசுக்கும் வரக்கூடாது, எனக்கு போன் செய்யக்கூடாது என்றது. ஞாயிறு பத்து மணி முதல் ஐந்து வரை மகளைப் பார்க்கலாம் என்றும் அதிலேயே இருந்தது. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது என் தம்பி. உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை ஆபீஸ் வாசலில் நின்றார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டில் எழுதினேன், உத்தரவு நகலோடு காவல் நிலையத்துக்குப் போனேன், ரசீது வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டு, பத்து மணிக்குத் தம்பியோடு அவள் அப்பாவிடம் அனுப்பினேன்.