கொத்து ரொட்டி கீபோர்டும் அம்மாவோட ஹையரும்

ஒரு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை மக்களே. டிசர்ட்டேஷன்தான் காரணம். (எத்தனை பக்கம் முடிஞ்சதுன்னு மட்டும் யாரும் கேட்டுடாதீங்க!) இன்னிக்கு எழுத வெச்சது ஒரு கீபோர்டு.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை இங்க கிழக்கு லண்டன்ல ஒரு கார் பூட் சேலுக்குப் போயிருந்தேன். நம்மூர் வாரச்சந்தை மாதிரிதான். கத்தரிக்காய்க்குப் பதிலா, கார் டிக்கியைத் திறந்து வெச்சு வீட்டுல கிடக்கிற பழசையெல்லாம் விப்பாங்க. ஒரு கனமான தோசைக்கல் கிடைக்குமான்னு தேடிப் போனேன். கனமாத்தான் கிடைச்சுது, ஆனா தோசைக்கல் இல்லை. பழுப்பேறின ஒரு ஐபிஎம் கீபோர்டு. அஞ்சு பவுண்டு. தூக்கினா கை அப்படியே கீழே இறங்குது. ரெண்டு கிலோவுக்கு மேல! உள்ளே வளைஞ்ச ஒரு இரும்புத் தகடு இருக்காம்.

பின்னாடி லேபிள்ல பார்ட் நம்பர் 1391406, பிறந்த வருஷம் 1989. என்னைவிடப் பத்து வயசு மூத்தது. அண்ணான்னுதான் கூப்பிடணும் :-)

வீட்டுக்கு வந்து தோண்டினதுல தெரிஞ்சது: இது 'மாடல் எம்' குடும்பம். இதுக்கு மூத்த குடும்பம் 'மாடல் எஃப்'. 1981ல முதல் ஐபிஎம் பிசியோட வந்தது, 83 கீ. 1984ல ஏ.டி.யோட வந்ததுல 84. ரெண்டு குடும்பத்துக்கும் உசிர் ஒண்ணுதான்: ஒவ்வொரு கீக்கும் அடியில ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் நேரா அமுங்கிட்டே போகாது. ஒரு கட்டத்துல சட்டுனு பக்கவாட்டுல மடங்கும். மடங்கி சுவர்ல அடிக்கிற சத்தம்தான் அந்த 'டக்'. அதே நொடியில அடியில இருக்கிற குட்டிச் சுத்தியல் சாய்ஞ்சு, எழுத்து பதிவாகும். அதாவது விரலுக்குத் தெரியறதும், காதுக்குக் கேக்கறதும், கம்ப்யூட்டருக்குப் போறதும் ஒரே நேரத்துல. எஃப்ல அடியில சர்க்யூட் போர்டு. எம்ல செலவைக் குறைக்க மெல்லிசான பிளாஸ்டிக் தாள்கள் வெச்சாங்க. அவ்வளவுதான் பெரிய வித்தியாசம்.

ஆனா இன்னிக்கு நாம தட்டுற கீபோர்டோட முகஜாடை எம் வழியா வந்ததுதான். மேல வரிசையா 12 எஃப் கீ, தனியா தலைகீழ் 'டி' மாதிரி அம்புக்குறிகள், வலது பக்கம் நம்பர் கட்டம். அமெரிக்காவுக்கு 101 கீ, ஐரோப்பாவுக்கு 102. என்னோடது பிரிட்டிஷ் ரகம், 3க்கு மேல பவுண்டு அடையாளம். விண்டோஸ் கீ கிடையாது. அப்புறம் சொந்தபந்தம் நிறைய: நம்பர் கட்டத்தை வெட்டி எறிஞ்ச சின்னது ஒண்ணு, டெர்மினலுக்குன்னு 122 கீயோட ஒரு கப்பல், நடுவுல மவுஸுக்குப் பதிலா ஒரு சின்னக் குமிழ் வெச்ச எம்13, ரெண்டா பிளந்து ஆளுக்கேத்த மாதிரி சாய்ச்சு வெச்சுக்கிற எம்15. 1991ல ஐபிஎம் இந்தத் தொழிலை லெக்ஸ்மார்க்குன்னு தனியாப் பிரிச்சு விட்டுது. 1996ல அவங்க நிறுத்தினதும், அமெரிக்காவுல கென்டக்கியில யூனிகாம்ப்னு ஒரு கம்பெனி கையில எடுத்து, இன்னிக்கும் அதே ஸ்பிரிங்கோட செஞ்சுட்டு இருக்கு.

பிரிட்டன்ல இதெல்லாம் தயாரானது ஸ்காட்லாந்துல கிரீனக்னு ஒரு ஊர்ல. நீராவி இயந்திர ஜேம்ஸ் வாட் பிறந்த ஊர். ஐபிஎம் அங்க 1951லயே வந்துடுச்சு. தொழிலாளிகளுக்காக 1978ல ஒரு ரயில் ஸ்டேஷனே திறந்து, அதுக்குப் பேரும் 'ஐபிஎம்'னே வெச்சிருக்காங்க! இப்ப தொழிற்சாலை இல்லை. 2018 டிசம்பர்லேர்ந்து ரயிலும் அங்க நிக்கறதில்லை. இறங்க ஆள் இல்லாத ஸ்டேஷன். ஆனா அங்கேர்ந்து வந்தது ஒண்ணு என் மேஜையில 'டக் டக்'குது.

'டக்' வரதுக்குள்ள ஒரு பாடு. சாதாரண பிஎஸ்2 மாட்டியைப் போட்டா வேலை செய்யாது. கீபோர்டு பேசற பாஷையை யூஎஸ்பிக்கு மொழிபெயர்க்கிற சில்லு உள்ளே இருக்கிற கன்வெர்ட்டர்தான் வேணும். அது கீபோர்டைவிட விலை அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மாட்டி ராத்திரி பதினோரு மணிக்கு டிசர்ட்டேஷனை ஆரம்பிச்சேன். பத்து நிமிஷத்துல பக்கத்து ரூம் யாழ்ப்பாணத்து அக்கா கதவைத் தட்டினா. "என்ன பிள்ளை, இந்த நேரத்தில கொத்து ரொட்டி போடுறியோ?"

அடுத்த நாள் அம்மாவோட பேசிட்டே ஏதோ தட்டிட்டு இருந்தேன். அம்மா பேச்சை நிறுத்திட்டாங்க.

"யாருடி அங்க டைப் அடிக்கிறது?"

"நான்தாம்மா."

"பொய் சொல்லாத. இது மெஷின் சத்தம்."

போனைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "சத்தம் நல்லாருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான்.

இங்க ஒரு பழைய கதை சொல்லணும். அம்மா தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்ரைட்டிங் ஹையர். கல்யாணத்துக்கு முன்னாடி மாயவரத்துல ஒரு வக்கீல் ஆபீஸ்ல ரெமிங்டன்ல மனு அடிச்சவங்க. பேப்பரைப் பார்க்காம 'ய ள ன க ப' ஓடுமாம். எங்க வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. அம்மா ஆசையா உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, பத்து விரலையும் வெச்சு ஓங்கி ஓங்கி அடிச்சாங்க. நான்தான் சொன்னேன்: "அய்யோ, மெதுவாம்மா! கீபோர்டு உடைஞ்சிடும். உனக்கு ஒண்ணும் தெரியலை." பக்கத்துல என் ஃப்ரெண்டு வேற இருந்தா. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அதுக்கப்புறம் அம்மா அந்த நாற்காலியில உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்னிக்கு வரைக்கும் வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ்தான்.

ஓங்கி அடிச்சது தெரியாததால இல்லைன்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது. வக்கீல் ஆபீஸ்ல ஒரு மனுவுக்கு மூணு கார்பன் வெப்பாங்களாம். ஓங்கி அடிச்சாத்தான் கடைசிப் பேப்பர்ல எழுத்து விழும். அது தொழில் கத்துக்கொடுத்த கை. எங்க வீட்டு ரப்பர் கீபோர்டு அந்தக் கைக்கு எந்தப் பதிலும் சொல்லலை. ஐபிஎம்காரங்க பல வருஷம் டைப்ரைட்டர் வித்தவங்க. கம்ப்யூட்டர் பக்கம் வரப்போறது டைப்பிஸ்ட்டுகள்தான்னு அவங்களுக்குத் தெரியும். அதனாலதான் அந்தக் கைக்குப் பதில் சொல்ற ஸ்பிரிங்கை வெச்சாங்கன்னு நினைக்கிறேன். பன்னெண்டு வயசுல எனக்கு அந்த அளவுக்கு யோசனை இல்லை. இருபத்தஞ்சுலயும் அஞ்சு பவுண்டு கொடுத்து ஒரு கீபோர்டு வாங்க வேண்டியிருந்தது.

போன்ல மன்னிப்பெல்லாம் கேக்கலை. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது. "கோர்ஸ் முடிஞ்சு வரும்போது இதை உனக்கு எடுத்துட்டு வரேம்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

"பொட்டி வெயிட்டுக்கு அந்த இரும்பை எதுக்குச் சுமக்கற? பேசாம அங்கயே யாருக்காவது குடுத்துடு."

சரின்னு விட்டுட்டேன். மூணு நாள் கழிச்சு, காலையில எழுந்து பார்த்தா ஒரு வாய்ஸ் மெசேஜ். நாலே செகண்டு.

"அதுல தமிழ் வருமா?"

பி.கு: நான் தமிழ்99 கோஷ்டி. அம்மாவுக்குப் பழைய டைப்ரைட்டர் லேஅவுட்தான் வேணும். என்எச்எம் ரைட்டர்ல இருக்கு, தெரியும். புது விண்டோஸ்ல யாராவது ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க, புண்ணியமாப் போகும். உங்க வீட்டுலயும் ஒரு ஹையர் இருந்தா, அவங்க கதையையும் சேர்த்து எழுதுங்க.