‘பார்வை சரி’ என்று எழுதியவள் நான்

மாணவர் உடல்நலப் பதிவேட்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ‘பார்வை சரி’ என்று வரிசையாக எழுதியவள் நான். அவர்களில் பலரை நான் ஒழுங்காகச் சோதிக்கவே இல்லை.

பள்ளிபாளையம் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியை. பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் விசைத்தறிக்குப் போகிறவர்கள். பிள்ளையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் அன்றைய கூலி போச்சு. அவர்களுக்காகத்தான் மருத்துவம் பள்ளிக்கே வருகிறது. இது புதிய யோசனை அல்ல. 1967இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிலிப் போர்ட்டர் என்ற குழந்தை மருத்துவர், தொடக்கப் பள்ளிக்குள்ளேயே செவிலியரை வைத்துச் சிகிச்சை தந்தார். நம் நாட்டில் 2013 முதல் ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வாகனத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அவர்கள் வருமுன் கண்ணை முதலில் பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள்.

வேலை சுலபம். நாலு திசையும் திரும்பி நிற்கும் ஆங்கில ‘E’ எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, 6 மீட்டர் தள்ளிப் பிள்ளையை நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்ல வேண்டும். விரலால் மூடினால் இடுக்கில் பார்த்துவிடுவார்கள். முன்னால் நிற்கிறவன் சொல்வதைக் கேட்டு ஒப்பிக்கவும் செய்வார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்று மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றும் வேலை பாக்கி இருந்தது. வராந்தாவில் எல்லோரையும் நிறுத்தி மளமளவென்று முடித்தேன். ஒரு பையன் வலக்கண்ணை மூடிய விரல்களை விரித்துப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன். “நல்லா மூடு சாமி” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார்: “தலையச் சாய்ச்சுக்கிட்டே டிவி பாக்குறானுங்க டீச்சர்.” “டிவியக் குறைங்க அம்மணி, சரியாயிரும்” என்றேன்.

மூன்றாம் வகுப்பில் குழு வந்த நாளில் அவன் விடுப்பு. விடுபட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், அனுப்பவில்லை. நான்காம் வகுப்பில் குழுவினர்தான் கண்டுபிடித்தார்கள்: அவன் இடக்கண் ‘சோம்பேறிக் கண்’. ஒரு கண் தெளிவாகத் தெரிவதால் பிள்ளைக்கே குறை புரியாது. மூளை மங்கலான கண்ணைக் கைவிட்டுவிடும். நல்ல கண்ணை மறைத்து, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை சிறு வயதிலேயே தொடங்கினால் நன்றாகப் பலன் தரும். வயது ஏற ஏறக் கடினம். அவனுக்கு அப்போது ஒன்பது. என் கையில் அட்டை இருந்தபோது ஏழு.

அதன்பின் பள்ளி முழுவதையும் ஒவ்வொருவராகத் தனியே அழைத்துச் சோதித்தேன். முதல் வகுப்பில் ஒரு சிறுமிக்கும் அதே குறை இருந்தது. அவளுக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது.

பையனுக்கும் கண்ணாடி போட்டு, தினமும் சில மணி நேரம் வலக்கண்ணை மறைக்கிறார்கள். முன்னேற்றம் கொஞ்சம்தான். “முன்னாலயே தெரிஞ்சிருந்தா சரியாயிருக்குங்களா டீச்சர்?” என்று அவன் அம்மா கேட்டார். “டாக்டரைக் கேளுங்க அம்மணி” என்று நழுவினேன். பதில் தெரிந்தே நழுவினேன். முதல் தவறைவிட இது கேவலம். வரும் ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நாளில், பதிவேட்டுடன் அவர் வீட்டுக்குப் போய், பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்றும், ‘பார்வை சரி’ என்று எழுதியது என் கைதான் என்றும் சொல்லப் போகிறேன்.