வீட்டுக்குப் போகும் அகராதி

போன ஜூனில் எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தோவாளைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 31 பேருக்கும் ஆங்கிலம் - தமிழ் அகராதி வாங்கிக் கொடுத்தோம். ஆளுக்கு இரண்டு மூன்று புத்தகம். ஒரு கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற தொகைதான்.

பள்ளிக்கூடத்துக்கு ஊர் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது முதலில் கைகொடுத்தது ஊர் மக்கள்தான். 1958-லிருந்து, நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஜனங்கள் பெஞ்சும் நாற்காலியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படி வந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

ஆனால் பெஞ்சு வேறு, அகராதி வேறு. பெஞ்சு பள்ளிக்கூடத்தில் கிடக்க வேண்டியது. அகராதி எங்கே இருக்க வேண்டும்? எங்களுக்குள் இதில்தான் பெரிய விவாதம். "பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். பள்ளி அலமாரியில் வைத்தால் பத்து வருடம் உழைக்கும்" என்றார் ஒரு நண்பர். நியாயமான பேச்சுதான். ஆனால் அலமாரிச் சாவி யார் கையில் இருக்கும், அது எத்தனை நாள் திறக்கும் என்பது வாத்தியார் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் சவானா என்ற ஊரில் ஆனி பிளம்மர் என்ற பெண்மணி, புத்தகமே இல்லாமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு 1992-ல் 50 அகராதிகள் வாங்கிக் கொடுத்தார். பிறகு நன்கொடை திரட்டி, 1999-ல் மறைவதற்குள் 17,000 பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அவர் வழியில் 1995-ல் தொடங்கிய ஓர் அமைப்புக்கு இன்று ரோட்டரி மாதிரியான சங்கங்கள் அந்தந்த ஊரில் செலவை ஏற்கின்றன. அங்கேயும் புத்தகம் பிள்ளைக்கே சொந்தம்; பள்ளிக்கு அல்ல. நான் இதைச் சொன்ன பிறகு நண்பரும் சம்மதித்தார்.

இன்னொன்றும் முடிவு செய்தோம். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிற ஊர் நம்முடையது. இந்தப் புத்தகத்தில் உபயதாரர் பெயர் கிடையாது. முதல் பக்கத்தில் பிள்ளை தன் பெயரைத் தானே எழுத வேண்டும்.

கொடுத்ததோடு வந்துவிடவும் இல்லை. எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நாலு சனிக்கிழமை போய் அகராதி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றாக இருந்தால் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். தமிழ் அகராதியில் 'வந்தான்' என்று தேடினால் கிடைக்காது, 'வா' என்று தேட வேண்டும். தெரிந்தவர்களுக்கு இது சாதாரணம். யாரும் சொல்லித்தராத பிள்ளைக்குப் புத்தகம் கையில் இருந்தும் பூட்டின கதவுதான்.

ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "பாட்டா, நம்ம ஊர்ப் பேச்செல்லாம் அகராதியில போடுவாங்களா?" போட்டிருக்கிறார்கள். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து 1936-ல் முடித்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. அதில் நாஞ்சில் நாட்டு வழக்குக்கென்றே தனிக் குறி போட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னதும் வகுப்பு முழுக்க ஒரு சிரிப்பு. தங்கள் வீட்டுப் பேச்சுக்கும் புத்தகத்தில் இடம் உண்டு என்ற சந்தோஷம்.

இந்த மாசியில் அதே பிள்ளையின் அம்மாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முந்திரி ஆபீஸில் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "புஸ்தகத்த நானும் பாக்கேன் சார். ஆஸ்பத்திரி சீட்டுல உள்ள வார்த்தய எல்லாம் இப்ப மகளும் நானுமா தேடிப் பாத்துருவோம்" என்றார். அட்டை போய்விட்டதாம், தைத்து வைத்திருக்கிறாராம்.

அலமாரியில் வைத்திருந்தால் அட்டை போயிருக்காது. அந்த அம்மாவின் கைக்கும் போயிருக்காது.

வருகிற ஜூனில் தமிழ் - தமிழ் அகராதியும் சேர்த்துக் கொடுப்பதாக இருக்கிறோம். உங்கள் ஊரிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், பென்ஷன்காரர்களும் இருப்பார்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று ஹெட்மாஸ்டரிடம் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.