மடல் செல்லும் வழி



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாள்களில், கணினி விரிவுரையாளர் ஒருவர் யூயூசிபி என்னும் பழைய முறையை விளக்கினார். பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் உருவாக்கிய அம்முறை, 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு பரவியது. நம் மலேசியாவிலும் 1980-களின் பிற்பகுதியில் மிமோஸ் அமைத்த ‘ரங்கோம்’ வலையமைப்பு இம்முறையையே கையாண்டது.

அன்று கணினிகள் எந்நேரமும் இணைந்திருக்கவில்லை. பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் துறையில் மோடத்தைப் பொருத்தி, தொலைபேசிவழி அடுத்த கணினியை அழைக்க வேண்டும். நொடிக்கு 1200 பிட் வேகமெனில், ஏறத்தாழ 120 ஆங்கில எழுத்துகளே செல்லும். அண்டைக் கணினி ஒவ்வொன்றுக்கும் கோப்பில் ஒரு வரி எழுதுவர்: அதன் பெயர், அழைக்கத்தக்க நேரம், வேகம், தொலைபேசி எண். மறுமுனை பெயர் கேட்டால் என்ன சொல்வது, கடவுச்சொல் கேட்டால் என்ன சொல்வது என்பதும் அவ்வரியிலேயே இருக்கும். பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவில்தான் அழைப்பு நிகழும். அதுவரை மடல் வரிசையில் காத்திருக்கும்.

முகவரிதான் விந்தை. கணினிப் பெயர்களை வியப்புக்குறியால் பிரித்து, அனுப்புநரே வழி முழுவதையும் எழுத வேண்டும். இடையிலுள்ள கணினி அடுத்ததை அறியாவிடில், மடல் அதற்கப்பால் செல்லாது. “பெறுநர் யாரென்று தெரிந்தால் போதாது, வழி தெரிய வேண்டும்” என்றார் விரிவுரையாளர். நானும் குறிப்பெடுத்துக்கொண்டேன். பல்லாண்டுகள் கழித்தே அதன் பொருள் எனக்கு விளங்கியது.

ஜொகூரில் நான் பணியாற்றியபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வாசிப்பில் பின்தங்கியிருந்தான். தாயில்லாப் பிள்ளை. தந்தை விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புபவர். அவரைச் சந்திக்க வேண்டி, உறையிலிட்டு மூன்று கடிதங்கள் கொடுத்தனுப்பினேன். பதிலே இல்லை. பொறுமையிழந்து, வகுப்பின் முன்னிலையில், “உன்மேல் வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றேன். பாட்டி சாமி படத்தின் பின்னாலிருந்து மூன்று உறைகளையும் எடுத்து நீட்டினார். “பள்ளிக்கூடத்துக் கடுதாசி, அழுக்காகக் கூடாதுன்னு இங்கே வெச்சேன் டீச்சர். எனக்கு வாசிக்கத் தெரியாது. மகன் வர்றதுக்குள்ள நானும் பேரனும் தூங்கிடுவோம்.”

உறைகள் பிரிக்கப்படாமல், கசங்காமல் இருந்தன. மாணவன் தன் பங்கைச் செய்திருந்தான். பாட்டியும் தமக்குத் தெரிந்தவரை காத்திருந்தார். வழி அறியாமல் அனுப்பியவள் நானே.

அன்றிரவே தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். அடுத்த ஓய்வுநாளில் அவர் வந்தார். மறுநாள் காலை, அதே வகுப்பின் முன்னிலையில் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்து, “பரவாயில்லை டீச்சர்” என்றான். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதுமுதல், ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுகிறேன்: வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யார், எந்நேரம் அழைக்கலாம், எந்த எண்.